அண்ணர் பால் குடியாமல் விட்ட காரணம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் முதலில் அண்ணரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பிறகு இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா. அதற்கு அடுத்த பக்கத்தில், அவர் எல்லோரையும் நம்பிய வெள்ளை மனத்தவர், எவரைப் பற்றியும் தப்பாக நினையாதவர் என்று எழுதியிருக்கும் என்று எண்ணித்தான் இதைப் புரட்டியிருப்பீர்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. அண்ணர் ஒருவரையும் நம்பாதவர். அவரோடு கூடப்பிறந்த நானும் அதே இரத்தம்தான்.

"நீங்கள்தானே மச்சாள் படிச்சனீங்கள், நீங்களே எழுதுங்கோ" என்று அண்ணியார் என்னிடம் சொன்னார். எழுதியதை ஒருக்கால் தன்னிடம் காட்டச் சொன்னார். நான் காட்டவில்லை. நேரே அச்சகத்துக்குக் கொண்டுபோகிறேன். அச்சுக் கோப்பவர் ஒரு வரியையும் விழுத்திவிடக் கூடாதென்று பக்கத்தில் இருந்தே சரி பார்ப்பேன். காரணம் இதை வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

அண்ணர் பிறந்தது தென்மராட்சியில். எங்கள் தகப்பனார் இறக்கும்போது அண்ணருக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஏழு. இருந்த துண்டு நிலத்தைப் பெரிய தகப்பனார் வீட்டார் தங்களுடையது என்றார்கள். தகப்பனார் வெறும் வாய்ச்சொல்லை நம்பி வாங்கிய காணி அது, எழுத்து எதுவும் இருக்கவில்லை. அன்றைக்குத்தான் அண்ணருக்கு மனிதர் மேல் இருந்த நம்பிக்கை போனது. அச்சடித்த தாளின் மேல் நம்பிக்கை வந்ததும் அன்றைக்குத்தான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் வட்டக்கச்சியில் அரசாங்கம் குடியேற்றக் காணி கொடுத்தபோது அண்ணர் முதல் ஆட்களோடு போனார். காடு வெட்டி, வேர் பிடுங்கி, இரண்டு போகம் பன்றிக்கும் யானைக்கும் கொடுத்து, மூன்றாம் போகத்தில்தான் நெல்லைக் கண்டார். அம்மாவும் அங்கே போய்ச் சேர்ந்தா. என்னை மட்டும் சின்னம்மா வீட்டில் விட்டு இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார். தான் படியாத படிப்பை எனக்குத் தந்த அந்தக் கடனை நான் எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்பதையும் இதில் சொல்லத்தான் போகிறேன்.

அவருடைய சந்தேகக் குணத்தை அறியாத சொந்தக்காரர் இல்லை. தண்ணீர் முறை வந்தால் வாய்க்காலில் ஒரு தடியை நட்டு, நீர் நிற்கும் மட்டத்தில் கத்தியால் கீறிவிட்டுத்தான் சாப்பிட வருவார். கலியாண வீட்டுக்குப் போனால் செருப்பை வாசலில் விடமாட்டார். சைக்கிள் கரியரில் கட்டி, சைக்கிளைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டுதான் பந்திக்கு இருப்பார். "ஆர் அண்ணை உங்கட செருப்பை எடுக்கப் போறான்?" என்று ஒருமுறை கேட்டேன். "எடுக்கமாட்டான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்றார்.

ஆனால் அரசாங்க முத்திரை குத்திய தாள் என்றால் அவர் வேறு மனிதர். காணிப் பத்திரத்தைச் சாமி அறையில் வைத்திருந்தார். அது இங்கிலீசில் இருந்தது. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அந்தத் தாள்தான் காணியைத் தந்தது, அதனால் தாள் பொய் சொல்லாது என்பது அவருடைய கணக்கு.

நான் படிப்பு முடித்து வட்டக்கச்சிக்கு வந்த வருடம் மாட்டு டாக்குத்தர் ஒருவர் குடியேற்றத்துக்கு வந்தார். தெரிந்தெடுத்த சில வயல் கமக்காரருக்கு வெளிநாட்டு நல்லின மாடுகள் கொடுக்கப் போவதாகச் சொன்னார். ஒரு காளை, மூன்று பசு. அண்ணரின் கொட்டில் சுத்தத்தைப் பார்த்து அவரைத் தெரிந்தெடுத்தார்கள். "இது நல்ல சாதி. ஊர் மாட்டோடை சேர விடக்கூடாது. பிறக்கிற கண்டெல்லாம் கலப்பில்லாமல் இருக்கோணும். மற்றதெல்லாம் இதிலை இருக்கு" என்று நான்கு பக்க இங்கிலீசுப் பத்திரம் ஒன்றை நீட்டினார். நான் அன்றைக்குச் சின்னம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். செருப்பைப் பூட்டி வைக்கிற என் அண்ணர், அந்தப் பத்திரத்தில் எதையும் கேளாமல் நான்கு இடத்தில் கையெழுத்து வைத்தார்.

மாடுகளை நான் முதல் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. செங்கல் நிறம். குட்டைக் கால். முதுகு மேசை போல் பரந்து கிடந்தது. திமில் மட்டும் இல்லை. கழுத்தில் இருந்து வால்வரை ஒரே மட்டம். அயலெல்லாம் வேலியில் வந்து நின்று பார்த்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கக் காணி நாகமுத்தருடையது. அண்ணரைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணர் கொட்டில் போட்டபோது கூரை வளை பிடித்துத் தந்தவர். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"தம்பி, இதுக்கு நுகம் நிக்க இடமில்லை. உழவுக்கும் ஆகாது, வண்டிலுக்கும் ஆகாது. என்னத்துக்கு இது?"

"பாலுக்கு" என்றார் அண்ணர்.

"அப்ப நல்லது" என்று நாகமுத்தர் போய்விட்டார்.

அவர் போனதும் அண்ணர் என் பக்கம் திரும்பினார். "அவர் ஏன் கேட்டவர்?" என்றார்.

அந்த மாடுகளை அண்ணர் வளர்த்த வளர்ப்பு சாதாரணமானதல்ல. சுற்றிவர முள்ளுக்கொப்பு அடுக்கிய இரட்டை அலம்பல் வேலி. ஊர் நாம்பன் காளை ஒன்று அந்தப் பக்கம் தலை காட்டினால் பொல்லோடு ஓடுவார். எந்த நாம்பன் யாருடையது, அவர் வேண்டுமென்றுதான் அவிழ்த்துவிட்டாரா என்று மத்தியானம் முழுக்க விசாரிப்பார். வெயில் ஏற மாடுகள் நாக்கைத் தள்ளிக்கொண்டு இளைக்கும். சாக்கை வாய்க்காலில் தோய்த்து முதுகில் போடுவார். அது காயக் காய மறுபடியும் தோய்ப்பார். உண்ணி ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேப்பெண்ணெய் பூசுவார். எந்தப் பசு எந்தக் காளைக்கு எப்போது சேர்ந்தது என்பதை என்னைக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவித்தார். இருந்ததே ஒரு காளைதான். அதற்கும் எழுதச் சொன்னார்.

மூத்த பசு கன்று போட்டது. கன்றென்றால் கன்று, அயலில் யாரும் அவ்வளவு பெரிய கன்றைக் கண்டதில்லை. அம்மா முதல் கறந்த கடும்புப் பால் காய்ச்சிப் பிள்ளையாருக்குப் படைத்தா. அந்த உடம்புக்கு ஐந்து ஆறு போத்தல் பால் வரும் என்று அண்ணர் எதிர்பார்த்தார். அரைப் போத்தல் வந்தது. அடுத்த நாளும் அரைப் போத்தல். பருத்திக்கொட்டை வைத்தார், புண்ணாக்கு வைத்தார், தவிடு வைத்தார். மாடு கொழுத்தது. பால் அரைப் போத்தல்தான்.

"ஆரோ எங்களுக்கு முதல் கறக்கிறாங்கள்" என்றார் அண்ணர்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை, வெளியூரில் இருந்து இந்த மலரை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். முற்றம் மெழுகச் சாணம் எடுக்க யாரும் யாரிடமும் கேட்பதில்லை. விடிந்ததும் பனையோலைக் கடகத்தோடு அயல் வீட்டுக் கொட்டிலுக்குள் போய் அள்ளிக்கொண்டு வரலாம். கேட்டால்தான் கோபிப்பார்கள், என்ன அந்நியம் பாராட்டுகிறாய் என்று. நாகமுத்தரின் மனைவி அப்படித்தான் எங்கள் கொட்டிலுக்கு வந்து போவா.

அண்ணர் கொட்டிலைச் சுற்றிச் சாம்பல் தூவி வைத்தார். விடியப் பார்த்தால் பசுவின் பின்காலடியில் ஒரு பெண்ணின் காலடித் தடம்.

"சாணம் எடுக்க வந்தவவுக்கு மடியடியிலை என்ன வேலை?" என்றார்.

"சாணம் மாட்டின்ர முன்பக்கத்திலையா அண்ணை கிடக்கும்?" என்று கேட்டேன்.

கேட்டேனே தவிர, அந்தச் சந்தேகம் எனக்கும் ஏறிவிட்டது. அந்த மாதம்தான் நாகமுத்தர் வீட்டில் இருந்து சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் பால் போகத் தொடங்கியிருந்தது. அவர்களுடைய பசுவும் அப்போதுதான் கன்று போட்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நோஞ்சான் ஊர்ப்பசு அவ்வளவு கறக்குமா என்று அண்ணர் கேட்டார். கறக்காது என்று நானும் தலையாட்டினேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் முழுப் பழியையும் செத்தவர் தலையில் போட்டதாகிவிடும்.

பட்டிப்பொங்கல் வந்தது. அன்றைக்கு அயலவர் ஒருவர் பட்டிக்கு ஒருவர் போய் மாட்டுக்கு மாலை போடுவது வழக்கம். எங்கள் கொட்டிலடியில் பதினைந்து இருபது பேர் நின்றார்கள். நாகமுத்தர் குளித்து, திருநீறு பூசி, ஆவரம்பூவும் மாவிலையும் சேர்த்துக் கட்டிய மாலையோடு வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். காளையின் கழுத்து அளவுக்கென்று பெரிதாகக் கட்டியிருந்தார்.

அண்ணர் சத்தம் போடவில்லை. சாதாரணமாகக் கதைப்பது போலத்தான் கேட்டார்.

"பாலையும் கறந்து வித்துப்போட்டு மாலையோடையும் வாறியளோ அண்ணை?"

நாகமுத்தருக்கு முதலில் விளங்கவில்லை. சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு நின்ற ஆட்களின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் இல்லையென்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தவர் போல. நான் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மாலையைப் படலைக் கட்டையில் கொழுவிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வளவுக்குள் கால் வைக்கவில்லை.

அவருடைய மனைவி சாணம் எடுக்க வருவது நின்றது. யாருடைய கொட்டிலுக்கும் அவ போகவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் அவர்கள் பாலை வேண்டாம் என்றார். அவர்களுடைய பெண்பிள்ளைகளை வாய்க்காலடியில் "பால்கள்ளன்ர பெட்டையள்" என்று சொன்னார்கள். நானே என் காதால் கேட்டேன்.

அவ வராமல் விட்ட பிறகும் பால் அரைப் போத்தல்தான் வந்தது. அது அண்ணரை உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் சாமி அறையில் இருந்த மாட்டுப் பத்திரத்தை எடுத்து வந்து என்னிடம் தந்தார்.

"தங்கச்சி, பழுது மாடெண்டால் மாத்தித் தருவினமோ எண்டு பார்."

வாசித்தேன். தலைப்பிலேயே இருந்தது. இறைச்சிக்கான மாட்டினத்தை வளர்க்கும் திட்டம். இரண்டாம் பக்கத்தில், இந்த இனப் பசு தன் கன்றுக்குப் போதுமான அளவுக்கு மேல் பால் தராது, அது குறையல்ல என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ஆண் கன்றுகளை இரண்டு வயதில் வெட்டுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. அடியில் அண்ணரின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக உழுது வைத்த மாதிரி.

நான் திரும்பத் தலைப்புக்குப் போய் இன்னொருமுறை முதலில் இருந்து வாசித்தேன்.

அடுத்த கிழமை நெளுக்குளத்தில் இருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடும் சைவம். அம்மா அதற்காக விரதம் இருந்துகொண்டிருந்தா. வெட்டுக்கு மாடு வளர்க்கிற வீடு என்று ஒரு சொல் வெளியே போனால் நெளுக்குளத்தார் படலையோடு திரும்பிவிடுவார்கள். அவர்கள் மட்டுமல்ல, வேறு யாரும் வரமாட்டார்கள். எனக்கு இருபத்தொரு வயது. அந்தக் கலியாணம் எனக்கு வேண்டும்போல் இருந்தது. நாகமுத்தர் களவெடுக்கவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் ஏன் பால் இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

"மாத்தித் தரமாட்டினமாம் அண்ணை" என்று சொல்லிப் பத்திரத்தை மடித்துக் கொடுத்தேன். அதில் அப்படியும் ஒரு வரி இருந்தது. அதனால் நான் பொய் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பத்திரத்தைத் திரும்பச் சாமி அறைக்குக் கொண்டுபோனார்.

கலியாணம் நடந்தது. நெளுக்குளத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடம் கழித்து அண்ணர் வீட்டுக்கு லொறி வந்தது. ஆண் கன்றுகள் வேறு பண்ணைக்கு இனம் பெருக்கப் போகின்றன என்று நினைத்து அண்ணர் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, வாழைப்பழம் வாயில் தீத்தி ஏற்றியிருக்கிறார். "எந்தப் பண்ணைக்குத் தம்பி?" என்று சாரதியிடம் கேட்டிருக்கிறார். சாரதி உள்ளதைச் சொல்லிவிட்டான்.

மறு கிழமையே மற்ற மாடுகளையும் திருப்பிக் கொடுத்தார். காளை போகும்போது மட்டும் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றாராம். அம்மா சொன்னா. கேட்டவர்களுக்கு வன்னி வெயில் அந்த மாட்டுக்கு ஒத்துவரவில்லை என்றார். அந்த வருடம்தான் நாகமுத்தரும் காணியை மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு அக்கராயனுக்குப் போனார். அந்த வருடம்தான் அண்ணர் பால் குடிப்பதையும் விட்டார்.

சலரோகம், நீரிழிவு என்று சிலர் சொன்னீர்கள். வயிற்றுக் கோளாறு என்று சிலர். நேர்த்திக்கடன் என்றா என் கலியாணத்துக்குப் பிறகு வந்த அண்ணியார், அவவுக்கும் உண்மை தெரியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் அண்ணருக்கு வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும்தான். தயிர், மோர்கூட இல்லை. கோவிலில் அபிஷேகப் பால் கொடுத்தால் கையில் வாங்கித் தலையில் தடவிக்கொள்வார். நானும் ஏனென்று கேட்டதில்லை. கேட்கப் பயம்.

இந்தத் தை மாதம் நெஞ்சு நோவோடு படுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒரு பின்னேரம் நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

"தங்கச்சி, அந்தப் பத்திரத்தை நீ முழுக்க வாசிச்சனியெல்லோ?"

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்டார்.

"ஓம் அண்ணை."

"நீ எதையோ மறைக்கிறாய் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ர கண் திரும்ப மேலை போனது. நல்ல சேதியெண்டால் ஒருக்கால் வாசிச்சால் போதும்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ சொல்லிப்போடுவாய். சொன்னால் நான் நாகமுத்தர் வீட்டை போகோணும். நெளுக்குளத்தார் வர நாலு நாள்தான் கிடந்தது."

"கலியாணம் முடிஞ்சாப் பிறகெண்டாலும் போயிருக்கலாம்."

"உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு பயம். பிறகு உனக்குப் பிள்ளையள். பிறகு வெக்கம். வெக்கம் வந்தாப் பிறகு மனிசன் எழும்பமாட்டான், பிள்ளை."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நான் போனாப் பிறகு புத்தகம் அடிப்பியள்தானே. ஊர் முழுக்கக் குடுப்பியள். அதிலை போடு. பேரைச் சொல்லிப் போடு" என்றார்.

வாழ்நாள் முழுக்க ஒருவரையும் சந்தேகப்படாமல் விடாத மனிதர், என் மேல் வந்த சந்தேகத்தை மட்டும் எனக்காக அடக்கி வைத்திருந்தார். அதை நினைத்து நான் அழுத அழுகை செத்தவீட்டில் அழுததைவிடக் கூட. ஆனால் அவர் எனக்காக மறைத்தார் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. நான் எனக்காகவே மறைத்தேன். அதற்கு விலை கொடுத்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடு.

அண்ணர் மாசி மாதம் காலமானார். செய்தி கேட்டு ஓடிவந்தவர்கள், பந்தல் போட்டவர்கள், பாடை கட்டியவர்கள், விறகு கொத்தியவர்கள், எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும் அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த வட்டக்கச்சி அயலார், நெளுக்குளத்தில் இருந்து வந்து தோள் கொடுத்த என் கணவர் வீட்டார், அனைவருக்கும் அண்ணியாரும் பிள்ளைகளும் நானும் கடமைப்பட்டுள்ளோம். என் கணவரிடம் இதில் உள்ளதை முந்தநாள்தான் சொன்னேன். அவர் தேத்தண்ணி கேட்டார். அவருடைய வீட்டார் இந்தப் பக்கத்தை வாசித்த பிறகு என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நினைக்கிறதை நினைக்கட்டும்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல இருக்கிறது. எரித்த சாம்பலைக் குளிர்விக்கும் காடாற்றுக்குப் போக ஆண்கள் வெளிக்கிட்டு நின்ற காலையில், சாம்பலில் தெளிக்கப் பால் போதாதென்று அண்ணியார் தவித்தா. படலையடியில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நாகமுத்தர். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்கராயனில் இருந்து அவ்வளவு தூரமும் மிதித்து வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. நான் போனேன். துணியால் சுற்றிய ஒரு போத்தலை என் கையில் தந்தார். இளஞ்சூடு இன்னும் ஆறவில்லை.

"காடாத்துக்குத் தேவைப்படும் எண்டு கொண்டுவந்தனான்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "இது என்ர மாட்டுப் பால்தான், பிள்ளை" என்றார்.

கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேளாமல் நான் போத்தலோடு உள்ளே திரும்பினேன். அந்தப் பாலைத்தான் அண்ணரின் சாம்பலில் தெளித்தார்கள். இந்த மலரின் முதல் பிரதியை நானே அக்கராயனுக்குக் கொண்டுபோகிறேன். மற்றவர்கள் உங்கள் கையில் இருக்கும் பிரதியில் வாசித்துக்கொள்ளுங்கள். நாகமுத்தரும் அவருடைய மனைவியும் எங்கள் வீட்டுப் பாலைக் களவெடுக்கவில்லை. எங்கள் வீட்டில் களவெடுக்கப் பால் இருக்கவில்லை. அது அண்ணருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தங்கை
நெளுக்குளம்